யாரும் சொல்லித் தராத குரல்

குளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைக்கு மேல்மாடியில் எமில்டா டீச்சரின் பாட்டு வகுப்பு. டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. மாணவன் பூபாலனுக்கு முப்பத்தாறு. தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினைப் பழுதுபார்க்க வந்தவன், உள்ளே யாரோ பாடுவதைக் கேட்டு, கழற்றிய ஃபில்டரைத் திரும்ப மாட்டாமலே வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். அது நடந்து ஆறு வருஷம்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவன் மாடிப்படி ஏறி வந்த கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். கன்னத்தில் கரிக்கோடு. கழுத்தில் இறகு மாலை. தோளில் ஏதோ மிருகத்தோல். கிட்டப் போய்ப் பார்த்தால் கார் சீட் உறை.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ன பூபாலன், மாறுவேடப் போட்டியா?" என்றார் டீச்சர்.

"ஆறு மணிக்கு அறிமுக விழா, டீச்சர்."

இரண்டு மாதம் முன்னால் 'கர்ஜனா மியூசிக்' என்ற கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. முதல் வேலையாக அவன் பெயரை மாற்றியது. இப்போது அவன் காடன். மலையில் பிறந்தவன். பறவைகளிடம் பாட்டுக் கற்றவன். பூபாலன் பிறந்தது அம்பத்தூரில். அவன் பார்த்த ஒரே காடு நாலாம் வகுப்பில் கூட்டிப்போன கிண்டி பூங்கா. அன்றைக்கும் பஸ்ஸில் வாந்தி எடுத்ததுதான் ஞாபகம்.

ஊரெல்லாம் போஸ்டர். 'காடன். இவன் குரலுக்கு வாத்தியார் இல்லை.'

"போஸ்டர் பார்த்தேன்," என்றார் டீச்சர். "மூக்கு நல்லா வந்திருக்கு."

பூபாலன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். உதட்டைப் படபடவென்று அதிரவிட்டு "ப்ர்ர்ர்" என்று ஊதினான். குரலைத் தளர்த்த டீச்சர் முதல் நாள் சொல்லித் தரும் பயிற்சி அது. பயம் வந்தால் அவனுக்கு அது தானாக வரும்.

"விஷயத்தைச் சொல்லுங்க."

"ஜெசிமான்னு ஒரு ரிப்போர்ட்டர். குளத்தூர்ல நான் பாட்டு கத்துக்கிட்டேன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. நாலு மணிக்கு இங்க வர்றாங்களாம். விஷயம் வெளிய வந்தா கம்பெனி என்னைக் கைகழுவிடும், டீச்சர். நாலஞ்சு வருஷமா எவனெவன் பின்னாடியோ நின்னு கோரஸ் பாடறேன். எனக்கு இனிமே இன்னொரு வாய்ப்பு வராது."

"மேனேஜர் என்ன சொல்றாரு?"

பூபாலனுக்கு ஒரு வியாதி. ஒருவர் சொன்னதை அவர் குரல் இல்லாமல் அவனால் சொல்ல முடியாது. கழுத்தைச் சாய்த்தான். மேனேஜர் ரிஷ்வந்த் அறைக்குள் வந்துவிட்டார்.

"'ப்ரோ, சிம்பிள் மேட்டர் ப்ரோ. டீச்சரைப் பார்க்கறோம். தெரியாதுன்னு சொல்லச் சொல்றோம். வர்றோம், ஜூஸ் குடிக்கிறோம், மேடை ஏறறோம்.'"

பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"அதனால... என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க, டீச்சர்."

கீழே கடையில் மீன்தொட்டிகள் குமிழி விடும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

டீச்சர் கோபப்படவில்லை. அவர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"சொல்லிடறேன். ஆனா பொய் சொன்னா எனக்கு இருமல் வந்துடும். அதனால உங்ககிட்ட என்னோடது என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் இங்கயே வெச்சிட்டுப் போங்க. அப்புறம் தெரியாதுன்னு சொன்னா பொய் ஆகாது. பாடுங்க. ராத்திரிக்குப் பாடப்போறீங்களே, அந்தப் பாட்டு."

பூபாலன் முதல் வரியைப் பாடினான்.

"நிறுத்துங்க. நடுவுல எடுத்தீங்களே மூச்சு, அது என்னோடது. எடுக்காம பாடுங்க."

எடுக்காமல் பாடினான். கடைசிப் படியைக் கவனிக்காதவன் மாதிரி வரி பாதியில் விழுந்தது.

"வார்த்தையை மூக்குல கொண்டுபோய் மூடறீங்க. அதுவும் நான் சொல்லிக் குடுத்தது."

அதையும் விட்டான். மணி மூன்று நாற்பத்திரண்டு.

"அந்த இழுவை?"

அவன் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. "அது உங்களோடது இல்ல, டீச்சர்."

"யாரோடது?"

"சின்ன வயசுல எங்க பஸ்ல ஒரு கண்டக்டர். 'உள்ளே போஓஓ... படியில நிக்காதேஏஏ...'"

அம்பத்தூர் பஸ் ஒன்று அறையைச் சுற்றிக்கொண்டு போனது. டீச்சர் தாளில் எழுதினார்: கண்டக்டர்.

"அவர் பேரு?"

"தெரியாது, டீச்சர்."

"கண்டுபிடிக்கணும். அவரையும் உங்களைத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லணும். அந்தக் குழைவு?"

"கீழ் கடை டில்லிபாபு அண்ணன். கஸ்டமர் பேரம் பேசினா ஒரு கெஞ்சல் போடுவாரே. 'அய்ய, இன்னாம்மா! மீனுக்கும் குடும்பம் கீதும்மா!'"

டீச்சரின் உதடு ஒரு பக்கம் கோணியது. ஆனாலும் எழுதினார்: டில்லிபாபு.

"உச்சிக்குப் போறப்ப குரல் லேசா விரியுதே, அது?"

இதை மட்டும் அவன் குரல் போட்டுக் காட்டவில்லை.

"மாமா தவறினப்போ எங்க அக்கா அழுதாங்க. அது."

"அக்காகிட்டயும் சொல்லணும்."

"அவங்க சொல்லமாட்டாங்க, டீச்சர். என்னைத் தெரியாதுன்னு அக்கா சொல்லமாட்டாங்க."

டீச்சர் எழுதினார்: அக்கா.

மூன்று ஐம்பத்தைந்துக்குள் தாளில் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். செல்போன் அடித்தது. ரிஷ்வந்த்.

"ப்ரோ, முடிஞ்சுதா?"

"பதினொரு பேர் ஆயிட்டாங்க, ப்ரோ."

"பதினொரு டீச்சரா? யோவ், நீ காட்டுல வளர்ந்தியா, காலேஜ்ல வளர்ந்தியா? ரிப்போர்ட்டர் தெருமுனை வந்துட்டாங்களாம். சீக்கிரம் முடி!"

பூபாலன் போனை வைத்தான்.

"இந்தப் பதினொரு பேரையும் விட்டுட்டுப் பாடுங்க," என்றார் டீச்சர்.

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். அதே காற்று.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பூபாலன் பின்னறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். டில்லிபாபு தன் காலித் தொட்டிகளையும் பழைய காற்று மோட்டார்களையும் போட்டுவைக்கும் அறை அது.

ஜெசிமா சுற்றி வளைக்கவில்லை. "மேடம், காடன் உங்க ஸ்டூடண்டா?"

"காடன்னு யாரும் எங்கிட்ட சேரலையே," என்றார் டீச்சர். இருமல் வரவில்லை.

பின்னறை இருட்டில் பூபாலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டியில் கால் இடித்தாலும் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்தான். அந்தப் பயத்தில் உதடு தானாக அதிர்ந்தது.

"ப்ர்ர்ர்ர்."

சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகள். ஒரு ப்ர்ர் இருபது ப்ர்ராக எழுந்தது.

"அது என்ன சத்தம், மேடம்?"

"குரல் பயிற்சி. முதல் நாள் நான் சொல்லித் தர்றது."

"உள்ள யாரு?"

"அதை அவரைத்தான் கேக்கணும்."

நாற்காலி நகர்ந்தது. காலடி கதவுக்கு வந்தது. ஜெசிமா விரலால் தட்டினாள்.

"ஹலோ, உள்ள யாருங்க?"

ஒரு பெயர்தான். அரை நொடி வேலை. மெல்லிசான பிளைவுட் கதவு. கதவைத் திறந்து பெயரைச் சொன்னால் போஸ்டர் கிழியும், ஆறு மணி விழா போகும், மறுபடி யாரோ ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு கோரஸ். பூபாலன் வாயைத் திறந்தான்.

"அய்ய, இன்னாம்மா!" என்றார் டில்லிபாபு. "காத்து மோட்டாரு அடச்சிக்கினு கீது, ஊதிக்கினு கீறேன்! கதவ தொறக்காதம்மா, தண்ணி மேல அடிக்கும்!"

ஜெசிமா சிரித்துவிட்டாள். "சாரி, அண்ணா!"

திரும்பி வந்து பையை எடுத்தாள். "அப்போ காடன் இங்க இல்லைன்னு எழுதிக்கட்டுமா, மேடம்?"

"எழுதிக்கோங்க. காடன் இங்க இல்ல."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. தெருவில் ஸ்கூட்டர் கிளம்பியது. அது சந்து திரும்பிக் கால் மணி நேரம் ஆகும் வரை பூபாலன் வெளியே வரவில்லை.

வந்தபோது கன்னத்துக் கரி கழுத்து வரை ஒழுகியிருந்தது. செல்போன் அதிர்ந்தது. ரிஷ்வந்தின் செய்தி: 'செம ப்ரோ! ரிப்போர்ட்டர் போன் பண்ணிட்டாங்க. கிளியர்! கார் வந்துட்டே இருக்கு.'

ஜெயித்தாகிவிட்டது. அவன் நிம்மதி வருமா என்று பார்த்தான்.

டீச்சர் தாளும் கையுமாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருந்துச்சு," என்றார். "டில்லிபாபு கேட்டிருந்தா அவரே நம்பியிருப்பாரு."

குத்தலா என்று பூபாலன் அவர் முகத்தைத் தேடினான். குத்தல் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தேவலை.

ஏதாவது சொல்லவேண்டும். மிஷினை உடைத்துவிட்டால் வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க அவனிடம் ஒரு கிழவர் குரல் உண்டு. கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். இப்போது அதைத் தேடினான். வரவில்லை. கண்டக்டரைத் தேடினான், ரிஷ்வந்தைத் தேடினான். ஒருவரும் வரவில்லை. கடைசியில், மெல்லிசாக, கரகரவென்று, சுருதியும் சேராமல் ஒன்று வந்தது.

"என் பேரைச் சொல்ல முடியல, டீச்சர்."

கீழே கார் ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவையும் அடித்தது.

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார். பதினோராவது பெயருக்குக் கீழே முனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ ஒரு குரல் பேசுச்சே, பூபாலன்," என்றார். "அதை யார் பேர்ல எழுத?"