பாதி வழியில் சார்ஜ்

மடத்து டீசல் ஜெனரேட்டரை வேதவல்லி அம்மா நிறுத்திய மாதமே, பூலோகமும் தன் டீசல் ஆட்டோவை விற்று பேட்டரி ஆட்டோ வாங்கினார். அம்மா குரு. சீடரான பூலோகம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

அன்று மாலை ரயிலில் பூலோகத்தின் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அழைத்துவரப் புறப்பட்டபோது அம்மாவும் ஏறிக்கொண்டார்.

பாலத்தில் வேலை. சுற்றிப் போகச் சொன்னார்கள். பூலோகம் சாலையைவிட சார்ஜ் காட்டும் எண்ணையே அதிகம் பார்த்தார்.

"அம்மா, ஸ்டேஷன் போயிடலாம். திரும்ப முடியாது. பச்சைப் பிள்ளையோட நடுரோட்டில நிக்கணும்."

அம்மா சாலையோர வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"டீசல்னா எங்க பார்த்தாலும் பங்க். இதை வாங்கியிருக்கவே கூடாது."

"தாகமா இருக்கு. நிறுத்துங்க."

சாலையோரம் ஒரு வீடு. பூலோகம் போய்க் கேட்டு, சொம்பில் தண்ணீர் வாங்கிவந்தார். அம்மா குடித்தார்.

"கரண்டும் கேளுங்க."

"ஐயையோ! தெரியாத வீட்டிலயா?"

"தண்ணி கேட்டீங்களே."

"அது தண்ணிம்மா."

சொம்பை வாங்க வீட்டுக்காரப் பெண் வந்தாள். அம்மாவே கேட்டார். அவள் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குப் பசியா? மோட்டார் பிளக்ல மாட்டுங்க. கழட்டுற வரைக்கும் என் மாட்டுக்குத் தண்ணி கிடையாது. கத்தினா நீங்கதான் சமாதானம் சொல்லணும்."

எண் மெல்ல ஏறியது. போன் அடித்தது.

"அப்பா, இறங்கிட்டோம். எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேம்மா."

குழந்தை அழுவது போனில் கேட்டது. இங்கே மாடு கத்தியது. பூலோகம் வயரைத் தொடுவதும் எண்ணைப் பார்ப்பதுமாக இருந்தார். போய்த் திரும்பப் போதும் என்றானதும் கழற்றினார்.

"அம்மா, இந்தப் பொண்ணு முடியாதுன்னு சொல்லியிருந்தா?"

"சொல்லலையே."

"சொல்லிடுவாள்னுதான் நினைச்சேன். ஏன் அப்படியே தோணுது எனக்கு?"

"உங்க வீட்டுல வண்டிக்கு பிளக் எங்க வெச்சிருக்கீங்க?"

"வாசல் சுவர்ல. இரும்புப் பெட்டி போட்டு, பூட்டி."

"எதுக்குப் பூட்டு?"

"யாராவது வந்து மாட்டிடுவாங்கன்னு."

"வந்தாங்களா?"

பூலோகம் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் யாரும் வரலம்மா."

"வருவாங்க. அவங்க பிள்ளையும் எங்கயாவது ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருக்கும். வண்டிய எடுங்க."