விடாத உளி

"உளி செஞ்சு முடிச்சிட்டேன் சாமி. ஆனா மனசு ஆறல. ஏதோ ஒண்ணு குறையுது" என்றார் மோசி.

மோசி கொல்லர். அவர் வாழ்ந்த கடலோரப் பாக்கத்தில் சுறா வேட்டைக்குப் போகிறவர்கள் எறிகிற கயிறு கட்டிய ஈட்டியை எறியுளி என்பார்கள். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து கொடுப்பது மோசியின் குடும்பம்தான்.

உப்பளத்துக்கு அப்பால் குடிசை போட்டிருந்த சாமிக்கு அவரைவிட வயது குறைவு. சீடரான மோசிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. இருந்தாலும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்.

"எங்கே, காட்டுங்க கொல்லரே."

மோசி துணியைப் பிரித்து உளியை முன்னால் வைத்தார்.

"யாருக்கு இது?"

"என் மகன் கீரனுக்கு. விடிஞ்சா முதல் வேட்டைக்குப் போறான்."

சாமி அதைத் தொடவில்லை. "முதல்ல செஞ்சது யாரு?"

"எங்க பூட்டன். மூங்கில் கழி, நுனியில எலும்பு. குத்துப்பட்ட மீன் காயத்தோட போயிரும்."

"அப்புறம்?"

"பாட்டன் இரும்புல செஞ்சு முள் வச்சார். மீன் உளியையும் எடுத்துக்கிட்டுப் போச்சு."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. "அப்புறம்?"

"அப்பா கயிறு கட்டினார். ஒரு நுனி உளியில, மறு நுனி தோணியில. மீன் இழுத்துக்கிட்டு ஓடும். களைச்சதும் நாம இழுத்துக்கலாம்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் மோசி காத்திருந்தார். முனையைக் கழியிலிருந்து உருவிக் காட்டினார்.

"எறிஞ்சதும் இது கழண்டுக்கும். சதைக்குள்ள போயி குறுக்கே திரும்பி நின்னுக்கும். எந்த மீனாலயும் உதற முடியாது. உடும்புப் பிடி."

"அப்பா செஞ்ச உளியைக் கொண்டுபோனது யாரு?"

"எங்க அண்ணன்."

"மீன் மாட்டுச்சா?"

"மாட்டுச்சு. உளி விடவே இல்ல."

"அண்ணன்?"

மோசி தரையைப் பார்த்தார். அண்ணன் என்றால் அவருக்கு உயிர்.

"தோணியோட இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கல."

"கயித்தை அறுத்துவிட்டிருக்கலாமே."

"அதெப்படி சாமி? கயித்தை விட்டுட்டு வந்தவன் எங்க பாக்கத்துல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வேட்டைத் தோணியில கத்தி வைக்கிற வழக்கமே கிடையாது."

"கீரன் தோணியில கயிறு கட்டியாச்சா?"

"நானே கட்டினேன்."

"எப்படிக் கட்டினீங்க?"

"அவன் பயந்து அவிழ்த்துட்டா அசிங்கமாயிருமேன்னு, அவிழாத முடிச்சா..."



சாமி எழுந்தார். கூரையில் செருகியிருந்த ஓலை வெட்டும் கத்தியை உருவி, உளியின் பக்கத்தில் வைத்தார். பிறகு உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

விடியும்போது பாக்கமே கரையில் நின்றது. தோணியைத் தண்ணீரில் தள்ளியிருந்தார்கள். மோசி இடுப்பளவு நீரில் இறங்கிப் போனார். கயிறு கட்டிய இடத்துக்குப் பக்கத்தில், மகன் கைக்கு எட்டும்படி கத்தியைச் செருகினார். நாலு பேர் பார்க்கட்டும் என்றே நிதானமாகச் செருகினார்.

கீரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்னப்பா இது? ஊரே பாக்குது."

"பாக்கட்டும். தேவைப்பட்டா அறுத்துட்டு வா. கொல்லன் மகனுக்கு உளிக்கா பஞ்சம்?"

தோணி அலையைத் தாண்டியது. கரையில் யாரும் குலவையிடவில்லை.

மோசி கரையேறினார். பக்கத்து வீட்டுக்காரி ஓர் உலக்கையைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். கயிற்றை விட்டு வந்தவன் வீட்டு வாசலில் போடுவது அது. கடல் உனக்கு எதற்கு, போய் நெல்லுக் குத்து என்று அதற்கு அர்த்தம். இதுவரை யாருக்கும் முன்கூட்டியே போட்டதில்லை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மோசி குனிந்து அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு தாயி. பய பசியோட வருவான். சோறாக்கணும்."