பந்தியில உப்பு கேக்காதவர்

ஆத்தங்கரையில ஒரு மடம் இருந்துச்சு. மடத்துச் சாமிக்கு முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது. சீடர் வைத்திலிங்கமோ பேரன் பேத்தி எடுத்தவரு. ரேஷன் கடை வேலையை முடிச்சுட்டு, ஞானம் வேணும்னு வந்து பன்னெண்டு வருசமாச்சு. வந்தபாடில்ல.

அன்னிக்கு மனசு பொறுக்காம சாமி முன்னாடி போய் நின்னாரு.

"சாமி, நந்தவனத்துச் செடிகளைப் பாத்துக்கிற சிற்றம்பலம் வந்து ரெண்டே வருசம். அவருக்கு விரக்தி கிடைச்சுடுச்சு. எனக்கு இன்னும் மெதுவடையைக் கண்டா நாக்கு ஊறுது."

சிற்றம்பலம்னா லேசுப்பட்ட ஆளில்ல. பந்தியில உப்புக்குச் சண்டை பிடிக்கிறவரு. ஒருதரம் பக்கத்து இலையில கலெக்டர் உக்காந்திருக்காரு, இவரு எந்திரிச்சு, "யோவ், இது சாம்பாரா வெந்நியா?"ன்னு கத்த, கலெக்டரும் "ஆமாங்க, உப்பு கொஞ்சம் கம்மிதான்"னு ஒத்து ஊத, பாவம், சமையக்காரரு அழுதேபுட்டாரு. அது கெடக்கட்டும்.

"விரக்தின்னு எப்படிக் கண்டீங்க?"

"உப்பு கேக்கறதே இல்ல சாமி. ரெண்டு வாய்தான், எந்திரிச்சுடறாரு. மூணு மணிக்கே முழிச்சுக் கெடக்காரு. பேச்சில்ல. போர்வை, பொடி டப்பா எல்லாத்தையும் யாருக்கோ குடுத்துட்டாரு. சனங்க வரிசையில நின்னு கால்ல விழுறாங்க."

"செடிங்க?"

"வாடிப்போச்சு. பற்று விட்டுடுச்சுல்ல?"

"சிரிக்கிறாரா?"

வைத்திலிங்கம் யோசிச்சாரு. "கண்ணுல எப்பவும் தண்ணிதான். ஆனந்தக் கண்ணீரு."

சாமி செருப்புகூட மாட்டாம ஓடினாரு. வைத்திலிங்கம் மூச்சு வாங்கப் பின்னாடியே ஓடினாரு.

கிணத்தடியில சிற்றம்பலம் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தாரு. சாமி பக்கத்துல வெறுந்தரையில உக்காந்து, அவரு கையைப் பிடிச்சாரு.

"விடிஞ்சா எப்படி இருக்கு?"

சிற்றம்பலம் சுவத்தைப் பாத்தபடியே சொன்னாரு.

"ஏண்டா விடியுதுன்னு இருக்கு சாமி. செத்துட்டா தேவலைன்னு இருக்கு. யார்கிட்ட சொல்ல? வாயெடுத்தா கும்பிடறாங்க."

சாமி பிடிச்ச கையை விடல. "வைத்திலிங்கம் ஐயா, வண்டியைக் கூப்பிடுங்க. டாக்டர்கிட்ட போகணும். நானும் கூடப் போறேன்."

"ஞானிக்கு எதுக்கு சாமி டாக்டரு?" கேட்டுக்கிட்டே, வழக்கம்போல சிற்றம்பலத்தோட காலைத் தொடக் குனிஞ்சாரு வைத்திலிங்கம்.

"நிமிருங்க ஐயா"ன்னாரு சாமி. "இத்தனை நாளும் காலையே பாத்துட்டோம். மூஞ்சியை யாருமே பாக்கல. நானும்தான்."