மிதவை யாருடையது?

நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பெர்பெத்தம்மாள் கூல்பார் நடத்துகிறார். நாற்பது வருஷங்களுக்கு முன் அங்கே வந்த ஒரு கப்பல் சமையல்காரன், தங்கள் ஊரில் சோடாவுக்குள் ஐஸ்கிரீமைப் போட்டுக் குடிப்போம் என்று சைகையில் சொன்னான். இவர் கையில் இருந்தது பன்னீர் சோடா. அதில் வெனிலா உருண்டையைப் போட்டதும் நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. விடாமல் முயன்றார். அடியில் நன்னாரி சர்பத், ஓரமாக மெல்ல வழியவிட்ட சோடா, கடைசியில் உருண்டை என்று பக்குவம் பிடிபட்டது. கடலில் கப்பலுக்கு வழிகாட்டும் மிதவையைப்போல வெள்ளை உருண்டை தலைநீட்டியதால், துறைமுகத் தொழிலாளர்கள் அதை 'மிதவை' என்றார்கள். பெர்பெத்தம்மாள் அந்தப் பேரையே கடைப் பலகையில் எழுதிக்கொண்டார்.

போன வருஷம் ஒரு நட்சத்திர ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் ரெக்ஸன் வந்து, நாலு நாள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. ரெக்ஸன் ஓட்டலில் பனங்கற்கண்டு போட்டு ஐஸ்கிரீம் செய்து, மேலே ரோஜா நுரையோடு மிதவை விற்றார். நன்றாகவே இருந்தது. இளவட்டங்கள் வரிசைகட்டி நின்றார்கள். அதோடு விட்டாரா? 'மிதவை' என்ற பெயரைத் தன் பேரில் பதிவுசெய்துகொண்டு, பெர்பெத்தம்மாளின் பலகையை இறக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்!

வியாபாரிகள் சங்கத் தலைவர் தனுஷ்கோடி இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"நீங்க கப்பல்காரர்கிட்ட கத்துக்கிட்டீங்க, நான் உங்ககிட்ட கத்துக்கிட்டேன். ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார் ரெக்ஸன். "பேரைப் பதிவு பண்ணினது நான்தானே?"

பெர்பெத்தம்மாள் ஆத்திரத்தோடு எழுந்துவிட்டார். "நீ விக்காதேன்னு நான் சொன்னேனா தம்பி? பலகையை இறக்க மாட்டேன்."

இருவருமே இன்னொருவரிடம் கற்றவர்கள். இருவருமே மாற்றிச் செய்தவர்கள். பெயரையோ இருவருமே வைக்கவில்லை. அப்படியானால், நியாயம் யார் பக்கம்?

விடை: பெர்பெத்தம்மாள் பக்கம். தனுஷ்கோடியும் அதையே சொன்னார்: "கத்துக்கிட்டது தப்பில்ல, மாத்தினதும் தப்பில்ல. அந்தம்மா யார் கையையும் பிடிச்சுத் தடுக்கல. நீங்க தடுக்கப் பாத்தீங்க." ஊரார் வைத்த பெயரைப் பூட்டிவைக்க ஒருவருக்கும் உரிமையில்லை. ரெக்ஸன் நோட்டீஸைத் திரும்பப் பெற்றார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கடை திறக்க நேரமாகிவிட்டதென்று அந்த அம்மாள் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.