நாற்பத்தேழாவது பெயர்

முதலில் தேநீர் நேரத்தைப் பறித்தார்கள். இரண்டாவதாகக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். மூன்றாவதாக, பூட்டைப் பற்றிக் கேட்ட ஏழு பெண்களை மில் விடுதியிலிருந்து துரத்தினார்கள். நான்காவதாக, மிச்சமிருந்தவர்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நூல் ஓட்டுகிறார்கள் என்று மகிழ்ச்சி மாத்திரை கொண்டுவந்தார்கள். ஐந்தாவதாக, வேண்டாம் என்ற குருவம்மாளையும் விழுங்க வைத்தார்கள். ஆறாவதாக, காய்ச்சலும் நடுக்கமுமாக அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, பைத்தியம் என்று எழுதி வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார்கள்.

இந்த ஆறையும் தொழிற்சங்கத்து அங்குராஜ் இதே வரிசையில்தான் சொல்வார். ஒன்று முன்பின்னாகப் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மூன்று வேலைநிறுத்தம் நடத்தி மூன்றிலும் தோற்றவர். மூன்று முறையும் சிறைக்குப் போனவர். தன்னைவிட இருபது வயது சின்னவளான மில் தொழிலாளி அரங்கநாயகியை அவர் குருவாக ஏற்றதற்குக் காரணம் ஒன்றுதான். குரலை உயர்த்தாமலே அந்தக் கழிப்பறைப் பூட்டை அவள் திறக்க வைத்திருந்தாள்.

மாத்திரை பற்றிய விசாரணைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வரும் காலை. இருவரும் மில் வாசலில் நின்றார்கள்.

"தாயி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அழுதா கூட்டம் சேரும். இவளுக மாத்திரையைப் போட்டுட்டு சிரிக்கிறாளுகளே! 'கோபமே வரல அண்ணாச்சி'ன்னு என்கிட்டயே சொல்றாளுக. இவங்களை வச்சு எப்படிப் போராட?"

"பையில என்ன?"

"துண்டறிக்கை. பதினாறு பக்கம். மூளையில எது சுரந்தா என்ன ஆகும்னு முழுசா எழுதியிருக்கேன்."

"பதினாறு பக்கம் துண்டா? பைக்குள்ளயே இருக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

நாற்பது வருடம் மைக்கில் முழங்கிய வாய். மூடிக்கொண்டார்.

அதிகாரி வந்தார். மேலாளர் ரங்கபாஷ்யம் மாத்திரை டப்பாவோடு எதிர்கொண்டார்.

"மருந்தே இல்ல சார். சத்துணவு மாதிரி. மனசு லேசாகும். டாக்டர் சீட்டுகூடத் தேவையில்ல. மில்லுல எல்லாரும் விரும்பித்தான் சாப்பிடுறாங்க."

வழக்கம்போல வாசலிலேயே வருகை எடுத்தார்கள். மேற்பார்வையாளர் பெயரை வாசிப்பார். அந்தப் பெண் முன்னால் வந்து மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டுவாள். பிறகுதான் பெயருக்கு எதிரே டிக். அதிகாரி தலையாட்டிக்கொண்டே பார்த்தார். அங்குராஜ் கணக்குப் போட்டார்: நான்காவது தோல்வி.

"அரங்கநாயகி!"

அவள் மாத்திரையை வாங்கினாள். விழுங்கவில்லை. நேராக மேலாளரிடம் போய் நீட்டினாள்.

"எல்லாரும்னு சொன்னீங்க ஐயா. நீங்க இன்னும் சாப்பிடலையே?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு கடைசி ஆள் வரை ஓடியது. மாத்திரை கொடுத்த சிரிப்பு அல்ல அது. அங்குராஜுக்கு வித்தியாசம் தெரிந்தது.

"நானா? எதுக்கு?"

"சத்துணவுதானே? நாக்கை மட்டும் மறக்காம நீட்டுங்க."

"சாப்பிடுங்களேன்," என்றார் அதிகாரி.

மேலாளரின் குரல் இறங்கியது. "இல்ல சார்... டாக்டர் எனக்கு மனசுக்குன்னு ஒரு மாத்திரை குடுத்திருக்கார். அதோட இது சேரக் கூடாது. டப்பாவிலேயே போட்டிருக்கு."

"எங்க?"

எறும்பு போன்ற எழுத்தில் இருந்த அந்த வரியின் மேல் மேலாளரின் விரல் போய் நின்றது. தேடவே இல்லை.

அரங்கநாயகி சொன்னாள்: "குருவம்மாளும் மனசுக்கு மாத்திரை சாப்பிடுறவதான். இதே இடத்துல நின்னு, இதே வார்த்தையைத்தான் சொன்னா."

ஒரு சிரிப்பும் இல்லை இப்போது. முந்நூறு பெண்கள் மேலாளரையே பார்த்தார்கள்.

மாத்திரை இன்றோடு நிறுத்தம் என்று அதிகாரி எழுதினார். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அடித்திருந்த பெயரை மறுபடி எழுதச் சொன்னார். மேற்பார்வையாளர் எழுதினார். அதிகாரி பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அங்குராஜின் முஷ்டி பாதி உயர்ந்தது.

"தாயி, இப்பவாவது ஒரு கோஷம்?"

அரங்கநாயகி பதிவேட்டை வாங்கி அவர் கையில் வைத்தாள்.

"இதை வாசிங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கணும்."

அவர் மேடை ஏறியவரைப் போல நிமிர்ந்தார்.

"நாற்பத்தேழு. குருவம்மாள்!"