தண்ணீர் நிறச் சட்டை

"என்னை எப்பத்தான் மாஸ்டர் தனியாப் படகுல விடுவீங்க?" என்று கேட்டார் தண்டபாணி.

"உடுத்திக்கிட்டு வாங்க. விடறேன்."

தண்டபாணி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். முழங்கை வரை மடித்த சட்டை, புது ஜீன்ஸ்.

"உடுத்திக்கிட்டுத்தானே நிக்கிறேன்?"

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பெயர் ஜெனோவா. ஊர்க்கோடியில் கடல் உள்ளே புகுந்து கிடக்கும் கழியில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டவும், அதில் உட்கார்ந்தபடி தூண்டில் போடவும் கற்றுக்கொடுப்பவள். தண்டபாணிக்கு மகளாக இருக்கும் வயது. ஆனாலும் ஊருக்கே அவள் மாஸ்டர். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள் என்றால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள்.

தண்டபாணி உத்தியோகம் முடிந்து வீட்டோடு இருப்பவர். மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்திருப்பார், வீட்டில் யாரோ பேசுவது போலிருக்கும் என்று.

வீட்டில் தனியாக இருப்பவனைப் பார்த்தால் உலகம் ஐயோ பாவம் என்கிறது. தூண்டிலோடு தனியாக இருப்பவனைப் பார்த்து அப்படிச் சொல்வதில்லை. அதற்காகவே அவர் தூண்டிலைக் கையில் எடுத்தார். மீன் கிடைப்பதெல்லாம் அப்புறம்.

மாஸ்டர் எழுந்தாள். வாளியில் தண்ணீரை மொண்டு அவர் இடுப்பில் ஊற்றினாள். இன்னொரு வாளியும் ஊற்றினாள்.

"அந்தப் பூவரச மரம் வரைக்கும் ஓடிட்டு வாங்க."

ஓடினார். திரும்பி வரும்போது ஜீன்ஸ் இடுப்பை விட்டு இறங்கப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க வந்து நின்றார்.

"கனக்குதா?"

"கனக்குது."

"கழிக்குள்ள யாரும் பிழிஞ்சு குடுக்க மாட்டாங்க."

"அப்ப என்னதான் மாஸ்டர் போடறது?"

"எங்க போறீங்க?"

"படகுல."

"இல்லை," என்று சொல்லிவிட்டு அவள் துடுப்பைக் கழுவப் போய்விட்டாள்.

ஈரக் கால்சட்டையோடு வீட்டுக்கு நடந்தார் தண்டபாணி. இந்த வயதில் ஒரு பெண்ணிடம் வாளித் தண்ணீர் வாங்க வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது. தெருமுனை வந்தபோதுதான் உறைத்தது.

மறுநாள் வந்ததும் சொன்னார்: "தண்ணிக்குள்ள போறேன்."

"ம். அதுக்கு உடுத்துங்க."

பட்டணத்துக்குப் பஸ் ஏறினார். உதறினால் உலர்ந்துவிடும் துணியில் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் வாங்கினார். தாடைக்குக் கீழே முடிச்சுப் போடும் தொப்பி ஒன்று. கழியடியில் கிடக்கும் சிப்பி பாதத்தைக் கிழிக்காமலிருக்க, கெட்டி அடிபோட்ட ரப்பர் காலணி. லைஃப் ஜாக்கெட் மட்டும் நாலைந்தைப் போட்டுப் பார்த்தே எடுத்தார். எல்லாமே ஒரே நிறம். பச்சையும் சாம்பலும் கலந்த, கழித் தண்ணீரின் நிறம்.

மாஸ்டர் அவரைச் சுற்றி வந்தாள். துணியைக் கசக்கிப் பார்த்தாள். ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்கினாள். அது காதுவரை ஏறாமல் உடம்போடு நின்றது.

"கச்சிதம்," என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பையன் போல் பூரித்துப்போனார் தண்டபாணி.

"கலர் ஏன் இப்படி?"

"மீன் கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரு."

"மீன் கீழ இருந்து பாக்குது. அதுக்குப் படகோட அடிதான் தெரியும். மேல இருந்து பாக்கறவங்களுக்கு?"

"மேல இருந்து யாரு பாக்கப் போறா?"

"தேடறவங்க."

தண்டபாணி சிரித்தார். "என்னைத் தேட யாரு இருக்கா மாஸ்டர்?"

விளையாட்டாகச் சொன்னதுதான். சொல்லி முடித்ததும் தொப்பி முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"மாத்திக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் தனியாக் கிடையாது."

தண்டபாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாளித் தண்ணீரைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இதைப் பொறுக்க முடியவில்லை. நாதியற்ற ஒருத்தன் எந்த நிறத்தில் முழுகினால் யாருக்கு என்ன?

அடுத்த நாள் விடிந்ததும், மாஸ்டர் வருவதற்கு முன்பே, கரையில் கிடந்த படகொன்றைத் தானே தள்ளிக்கொண்டு போனார்.

நன்றாகத்தான் இருந்தது. கழியில் சத்தமில்லை. சத்தமில்லாதது அங்கே குறையாகவும் தெரியவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு கொடுவா மீன் மாட்டியது. நல்ல பெருசு. அது இழுத்த பக்கம் இவரும் சாய்ந்தார். படகு கவிழ்ந்தது.

ஜாக்கெட் அவரைத் தூக்கி நிறுத்தியது. உடுப்பு கனக்கவில்லை, காலைச் சுற்றவில்லை. எல்லாம் கச்சிதம். படகைத்தான் பிடிக்க முடியவில்லை. காற்று அதை அடித்துக்கொண்டு கோரைப் புதருக்குப் பின்னால் போய்விட்டது. கழி நீர் வற்றிக் கடலுக்கு இறங்கும் நேரம். தண்ணீர் அவரை மெல்ல மெல்லக் கடல் பக்கம் இழுத்தது. முகத்துவாரத்தில் அலை உடையும் இரைச்சல் கேட்டது.

வாசலில் பால் பாக்கெட் கிடக்கும். இரண்டு மூன்று சேர்ந்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அழுகை வந்தது. அழுதார்.

அப்போது தூரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, நின்றது, திரும்பியது. யாரிந்தப் பைத்தியம், வழி தெரியாமல் சுற்றுகிறதே என்று நினைத்தார்.

கிட்டே வந்ததும் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஆள் யாரென்று தெரிந்தது. மாஸ்டர். துடுப்பை மடியில் போட்டு, வாயருகே கை குவித்தாள்.

"தண்டபாணீ...!"

சார் இல்லை, அண்ணன் இல்லை. வெறும் பெயர். ஆபீசில் அவர் சார், தெருவிலும் சார். மனைவி இருந்தவரைக்கும் என்னங்க. அம்மாவுக்குப் பிறகு அந்தப் பெயரைக் கூப்பிட்டவர் யாருமில்லை.

"தண்டபாணீ...!"

அவள் பார்வை அவர் இருந்த இடத்துக்கே வந்தது. நிற்காமல் தாண்டிப் போயிற்று. அவருக்கு அவள் முகத்தின் வேர்வைகூடத் தெரிந்தது. அவளுக்கு அங்கே தண்ணீர்தான் தெரிந்தது.

தண்டபாணி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

படகு விலகிப் போனது. மறுபடி வந்தது. இந்த முறை அவள் குரல் உடைந்திருந்தது.

"தண்டபாணீ... எங்க இருக்கீங்க?"

மறுபடியும் தாண்டிப் போய்விட்டாள். படகு முகத்துவாரத்தைப் பார்த்துத் திரும்பியது. ஆரஞ்சு நிறம் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"மாஸ்டர்!" என்று கத்தினார் தண்டபாணி. "இங்க! இங்கதான் இருக்கேன்!"

அவள் திரும்பினாள். ஆள் தெரியவில்லை. கத்திக்கொண்டே இருக்கச் சொன்னாள். அவர் கத்திக்கொண்டே இருந்தார். அவள் கண்ணை மூடி, காதைச் சாய்த்து, குரல் வந்த திக்கிலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து அவரைப் படகின் மேல் இழுத்துப் போட்டாள். வெகுநேரம் இருவருக்கும் மூச்சுதான் வாங்கியது. அவள் கண் சிவந்து கிடந்தது.

"ரெண்டு தடவை உங்க பக்கத்துலயே வந்திருக்கேன்."

"தெரியும் மாஸ்டர். பாத்தேன்."

"பாத்தீங்களா?" அவள் துடுப்பால் படகை ஓங்கித் தட்டினாள். "கூப்பிட வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

தண்டபாணி தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.

"நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க மாஸ்டர்," என்றார். "கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."