வெண்கல மனிதனும் திரைமறைவில் ஒரு கையும்

கடலுக்குக் கிழக்கே, பட்டு நெய்கிற சீன தேசத்தில், யூன்கா என்று ஒரு சின்ன ராஜ்ஜியம் இருந்தது. எப்போது என்று கேட்காதீர்கள். மலைகளெல்லாம் இன்னும் இளசாக இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராஜ்ஜியத்தில் வைத்தியம் என்றால் ஊசிதான். தலைவலியா, ஊசி. இடுப்புப் பிடிப்பா, ஊசி. தூக்கம் வரவில்லையா, அதற்கும் ஊசி. மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை. தலைமுடி மாதிரி மெல்லிய வெறும் ஊசி. உடம்புக்குள் உயிர்மூச்சு வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிறது, அடைத்துக்கொண்ட இடத்தில் சரியாகக் குத்தினால் திறந்துகொண்டு ஓடும் என்பது அவர்கள் கண்டுவைத்தது.

ஊசி வைத்தியர் வீட்டு வாசலில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். அதுதான் அடையாளம். ஆனால் நினைத்தவரெல்லாம் தொங்கவிட முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை அரண்மனை மைதானத்தில் போட்டி நடக்கும். ஜெயிக்கிற ஒருவருக்குத்தான் குடுக்கை. போட்டியில் தோற்றவர் ஊசிப்பெட்டியை ராஜாவிடம் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் ஊசி தொடக் கூடாது. அரைகுறைக் கை ஊரில் திரியக் கூடாதாம். அப்படி ஒரு சட்டம்.

அந்த வருஷம் போட்டிக்கு வந்தாள் ஜின்யூ.

அவள் ஊர் மலை உச்சியில். அங்கே வைத்தியரே கிடையாது. யாருக்காவது நோவு வந்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். இறங்கி முடிப்பதற்குள் சிலருக்கு வைத்தியமே தேவைப்படாமல் போய்விடும். அதனால்தான் ஊர் கூடி அவளை ஊசிப்பள்ளிக்கு அனுப்பியது. இப்போது ஊரே கூட நடந்து வந்து மைதானத்து ஓரத்தில் நின்றது. வாத்து மேய்க்கிற ஷுவான் மாமா தன் கொடியில் காய்த்த சுரைக்காயைக் காயவைத்து, சிவப்புச் சாயம் பூசி, குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், எங்கள் வீட்டுப் பெண், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், காற்று வரட்டும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஜின்யூவின் கை வேகமான கை. அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை மறைக்கவும் மாட்டாள். எத்தனையோ பேர் வந்து, விழுந்து, விலகி, கடைசியில் அவளுக்கு எதிரே நின்றவன் துறைமுகத்துக் கோஷான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வாயும் அப்படித்தான்.

மத்தளம் முழங்கியது. முதல் சுற்று.

மைதானத்து நடுவில் இரண்டு வெண்கல மனிதர்கள். ஆள் உயரம். உடம்பெல்லாம் ஊசிமுனை அளவுக்குத் துளைகள். உள்ளே தண்ணீர், வெளியே துளை தெரியாதபடி மெழுகுப் பூச்சு. அதிகாரி ஓர் இடத்தின் பெயரைச் சொல்வார். சரியான இடத்தில் குத்தினால் மெழுகைத் துளைத்து ஊசி இறங்கும், தண்ணீர் சொட்டும். தப்பினால் வெண்கலத்தில் முட்டி ஊசி வளையும்.

அதிகாரி சொல்லச் சொல்ல ஜின்யூ குத்தினாள். தோளில் தண்ணீர். முழங்காலில் தண்ணீர். உச்சந்தலையில் தண்ணீர். பெயர் முழுசாக வாயை விட்டு வருவதற்குள் துளி விழுந்தது. முதல் சுற்று அவளுக்கு. மலைக்காரர்கள் போட்ட சத்தத்தில் அரண்மனைக் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பிப் போயின.

இரண்டாம் சுற்றில் கண்ணைக் கட்டிவிட்டார்கள். ஒரு மூச்சு வித்தியாசத்தில் கோஷான் முந்தினான். துறைமுகத்துக்காரர்கள் துள்ளினார்கள்.

மூன்றாம் சுற்று. இதுதான் முடிவு.

இரண்டு பட்டுத்திரைகள் கட்டினார்கள். ஒவ்வொரு திரையிலும் ஒரு சின்னத் திறப்பு. திறப்பு வழியாக ஒரு கை நீளும். பெரிய வீட்டுப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தியம், கை மட்டும்தான் வெளியே வரும். ஆள் யார் என்று தெரியாது. மத்தளம் முடிவு சொல்லும் வரை திரைக்குப் பின்னால் இருப்பவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. யாருக்கு எந்தத் திரை என்று சீட்டுப் போட்டார்கள். ஜின்யூவுக்கு நீலத்திரை, கோஷானுக்கு மஞ்சள்திரை.

இரண்டு பேருக்கும் தலைவலி என்றார் அதிகாரி. முதலில் ஊசி வைப்பவர் ஜெயித்தவர்.

கூட்டம் சிரித்தது. தலைவலிக்கு ஊசி வைக்கிற இடம் பள்ளியில் முதல்நாள் பாடம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற சதைமேடு. கண் சிமிட்டுகிற நேரம் போதும்.

மத்தளம் முழங்கியது. இரண்டு கைகள் நீண்டன.

ஜின்யூவின் ஊசி பாய்ந்தது. தோலைத் தொட்டும் விட்டது. தொட்ட இடம் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து குளிர்ந்த வெண்கலத்தையே தொட்டுக்கொண்டிருந்த கை, அந்தச் சூட்டில் திடுக்கிட்டு நின்றது. வெண்கலத்துக்கு நாடி கிடையாது. இந்தக் கைக்கு உண்டு. நாடி பார்க்காமல் ஊசி வைக்கக் கூடாது என்பது அந்த வைத்தியத்தின் மூத்த விதி, அவசரத்தில் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

அவள் அந்தக் கையின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள்.

முதல் விரலுக்குக் கீழே நாடி வழுக்கி ஓடியது. இரண்டாம் விரலுக்குக் கீழேயும் வழுக்கி ஓடியது. மூன்றாம் விரலுக்குக் கீழே, பீங்கான் தட்டில் முத்து உருளுகிற மாதிரி உருண்டு உருண்டு ஓடியது. அது பிள்ளை உண்டான நாடி. பிள்ளை உண்டானவளுக்கு அந்தச் சதைமேட்டில் ஊசி வைக்கவே கூடாது, கரு தங்காது என்று பள்ளியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அவள் ஊசியைப் பின்னால் இழுத்தாள்.

மஞ்சள்திரைப் பக்கம் கோஷான் ஊசி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "என்ன தங்கச்சி, ஊசி தூங்கிடுச்சா? தட்டி எழுப்பட்டுமா?"

மைதானம் கொல்லென்று சிரித்தது. ஷுவான் மாமா மட்டும், குத்து தாயி, குத்து தாயி என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ராஜா எழுந்து வந்தார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்.

"இந்தக் கைக்கு இந்த ஊசி ஆகாது, மகாராஜா."

"காரணம்?"

ஜின்யூ வாயைத் திறந்தாள். சொன்னால் போதும், குடுக்கை கிடைத்துவிடும். ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கிறவளுக்கே அது தெரிந்திருக்குமோ இல்லையோ. அவள் இன்னும் கேட்காத சேதியை இத்தனை ஜனங்களுக்கு நடுவில் கூவுவதா? வாயை மூடிக்கொண்டாள்.

"காரணம் இந்தக் கைக்குச் சொந்தக்காரருடையது, மகாராஜா. அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. சட்டம் சட்டம்தான் என்றார். மத்தளம் கோஷானுக்காக முழங்கியது. ஜின்யூ மண்டியிட்டு ஊசிப்பெட்டியை ராஜாவின் காலடியில் வைத்தாள். ஷுவான் மாமா சிவப்புக் குடுக்கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மத்தளம் முழங்கிவிட்டது. இனி நான் திரைக்குள் பேசலாம் இல்லையா?" என்று கேட்டாள் ஜின்யூ.

ராஜா தலையாட்டினார். அவள் நீலத்திரையோடு வாயை வைத்து மெதுவாக எதையோ சொன்னாள். தலைவலிக்குச் சாமந்திப்பூ வெந்நீர் போதும், இந்த மாதங்களில் கையில் ஊசி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

உள்ளே ஒரு விசும்பல். அப்புறம் ஒரு சிரிப்பு. அப்புறம் திரை கிழிகிற சத்தம்.

திரையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவள் ராணி. காலையிலிருந்து தலைவலி, போட்டியிலேயே தீர்த்துக்கொள்கிறேன் என்று அவளாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், போகாத கோயில் இல்லை. அவள் நேரே ராஜாவிடம் ஓடி, அத்தனை பேர் முன்னால் அவர் காதைப் பிடித்து இழுத்துச் சேதியைச் சொன்னாள்.

ராஜா முதலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு மத்தளக்காரன் கையிலிருந்த கோலைப் பிடுங்கித் தானே முழக்க ஆரம்பித்தார். மலைக்காரர்களும் துறைமுகத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

அந்த ஆரவாரத்தில் ஒருவன் மட்டும் வெளுத்துப் போய் நின்றான். கோஷான். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ராஜா முன்னால் நின்றான்.

"சீட்டு மாறியிருந்தால் அந்தக் கை எனக்கு வந்திருக்கும், மகாராஜா. நான் நாடி பார்க்கவே இல்லை. குடுக்கை அவளுடையது."

ராஜா ஊசிப்பெட்டியைத் தானே எடுத்து ஜின்யூவின் கையில் கொடுத்தார். கோஷானுக்காகப் பழைய சட்டத்தைக் கிழித்துப் போட்டு, அடுத்த வருஷம் வா என்றார். அவன் வந்தான், ஜெயித்தான். அதற்குப் பிறகு பூனைக்கு வைத்தியம் பார்த்தால்கூட முதலில் மூன்று விரலை வைப்பான் என்று துறைமுகத்தில் கேலி பேசுவார்கள்.

ராணியின் தலைவலி? அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

ஜின்யூவின் வாசலில் சிவப்புக் குடுக்கையைக் கட்டியது ஷுவான் மாமாதான். ஏணியிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, கீழே வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இது என் கொடியில் காய்த்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

ஆகவே கேட்டவர்களே, தோற்றுப்போவோம் என்று தெரிந்தும் தீங்கு செய்ய மறுக்கிற கைதான் நல்ல வைத்தியரின் கை.